ஒரு லிட்டரில் நூற்று அறுபத்து நான்கு இழைகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு அவள் என் முந்தானையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது சுத்தப் பருத்திதானுங்களாக்கா?" என்று கேட்டாள். லேப்பில் அத்தனை பேருக்கும் முன்னால். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பருத்திதான். வேணும்னா ஓரத்துல ஒரு நூலை உருவிப் பத்த வெச்சுப் பாரு" என்றேன்.

"அய்யோ, தப்பா நெனைச்சுக்காதீங்க்கா. இழை எண்ணற ரூமுக்குள்ள பாலியஸ்டர் வந்துச்சுன்னா நம்ம துணியில இருந்தே இழை உதிர்ந்து சாம்பிள்ல விழுந்துருமுங்க. அதுக்குத்தான் கேட்டேன்" என்று சிரித்தாள். பல்வரிசை வேறு நன்றாக இருக்கிறது, பாவி.

பெயர் நித்திலா. வயது இருபத்தேழு. கோபிச்செட்டிபாளையத்துப் பெண். திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து கழிவுநீர் வந்து சேரும் இந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பதினேழு வருடமாக லேப் கெமிஸ்ட். அவள் மார்கழியில்தான் காண்ட்ராக்டில் வந்தாள். முன்பெல்லாம் பருத்திப் பனியன் ஊர் இது. இப்போது பாதிக்குப் பாதி பாலியஸ்டர். அலசும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலந்து வருகின்றன. தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. மெம்பரேன் அடைத்துக்கொள்கிறது, மிச்சம் மண்ணுக்கும் மீனுக்கும் போகிறது. அதைத் தடுக்க ஸ்டீல் வலை சுற்றிய ஒரு பெரிய உருளை செய்துகொண்டு வந்திருக்கிறாள். 'நித்திலா வடி' என்று இப்போதே எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பதினேழு வருடத்தில் என் பெயரில் இங்கே ஒரு பக்கெட் கூட இல்லை.

பிப்ரவரி முழுக்க அதற்குப் பரீட்சை. நான்கு புதன்கிழமை தண்ணீர் எடுக்க வேண்டும். நான்கு முறையும் லிட்டருக்கு ஐம்பது இழைக்குள் இருந்தால் பாஸ். எண்ணப்போவது நான். அதையாவது விட்டுவைத்தார்களே.

பிப்ரவரி 5, புதன்

முதல் புதன். வடிக்குள் நுழையும் தண்ணீரில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு இழை. வெளியே வருவதில் முப்பத்தெட்டு.

எண்ணுவதென்றால் ஏதோ மிளகாய் எண்ணுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரை வடிதாளில் இறக்கி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழ் கட்டம் கட்டமாக நகர வேண்டும். சந்தேகமான இழையைச் சூடான ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் சுருண்டு உருகும், பருத்தி அப்படியே கிடக்கும். பக்கத்தில் ஒரு வெறும் தட்டைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அறைக் காற்றில் இருந்து விழுகிற இழை அதிலும் விழும், அதை எண்ணிக் கழித்துக்கொள்ளலாம். இதெல்லாம் அவள் கொண்டுவந்த விதி. சாம்பிள் பாட்டிலை மூன்று தரம் அலசி, சுவரில் ஒட்டியிருக்கும் இழையையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் நான் சொன்னது. அது அவள் படிப்பிலேயே இல்லை.

"முப்பத்தெட்டுங்களா!" என்று என் தோளுக்குப் பின்னால் குதித்தாள். "அக்கா எண்ணுனா எண்ணுனதுதானுங்க."

நான் குளிர்ந்துபோக வேண்டுமாம்.

பிப்ரவரி 6, வியாழன்

மேனேஜர் அறையில் அவளுக்கு டீ கண்ணாடி டம்ளரில் வந்தது. எனக்குப் பேப்பர் கப். சும்மா எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

லேப் தலைவர் அர்த்தநாரி சார் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். "எனக்கப்பறம் நீதான் சாந்தாமணி" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"கமிட்டியில ஒரு பேச்சு அடிபடுது. ட்ரயல் பாஸ் ஆயிருச்சுன்னா, இனி லேப்புக்கு முக்கால்வாசி வேலை இந்த இழை விவகாரம்தான். அதனால பொறுப்பை அந்தப் புள்ளைகிட்டயே குடுத்தரலாங்கறாங்க."

"பாஸ் ஆகலைன்னா?"

"அவ காண்ட்ராக்ட் மார்ச்சோட முடிஞ்சுரும். சீட்டு உனக்குத்தான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா சார்?"

"வெளிய போறவன் பேச்சு எங்க அம்மிணி எடுபடுது?"

அதற்குப் பிறகு ரசம் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நேற்று வந்தவள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று இன்னும் என்னைக் கேட்டுத்தான் திறக்கிறாள். அவளுக்குக் கீழே உட்கார்ந்து லீவு லெட்டரில் 'மதிப்பிற்குரிய' போட்டு நான் எழுத வேண்டுமா? வயிறு எரிகிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எரிகிறது.

பிப்ரவரி 12, புதன்

இருபத்தொன்பது.

பத்திரிகையிலிருந்து ஆள் வந்திருந்தார். எண்ணி முடித்து நான் எழுந்த ஸ்டூலில் அவளை உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார். "அக்காவையும் எடுங்க சார், எண்ணறது அவங்கதான்" என்றாள். "எல்லாரும் வந்தா ஃபிரேம் கசகசன்னு இருக்கும்மா" என்றார் அவர். கசகசப்பு நான்தான் போலிருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

படம் வந்துவிட்டது. மூலையில் என் முழங்கை தெரிகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாவு ஆட்டினேன். பாத்ரூம் கழுவினேன். வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். எக்ஸ்போர்ட்டில் கழிந்த ஃபிளீஸ் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். கருநீலம். உள்ளே பூனைக்குட்டி போல மெத்தென்று இருக்கிறது.

"ஊட்டிக்குப் போனாப் போட்டுக்கலாம்" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவர் என்னை ஊட்டிக்குக் கூட்டிப் போனது ஒரே தரம். சரி என்று வாங்கி வாஷிங் மிஷினில் போட்டேன். ஒரே அலசலுக்கு வடிபையில் ஒரு கரண்டி நீலப் பஞ்சு. அத்தனையும் பாலியஸ்டர். விரலில் உருட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். அவளைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

காலையிலிருந்து சளி பிடிக்கிற மாதிரி இருந்தது. எண்ணும் அறையில் ஏசி வேறு. அதனால் அந்த ஜாக்கெட்டைப் பையில் எடுத்துப் போனேன்.

வீட்டு வாசலிலேயே இவர் பிடித்துக்கொண்டார். "வெய்யல் இந்தக் கொளுத்துக் கொளுத்துது, இது எதுக்கு அம்மிணி?"

"சளி."

"காத்தால நல்லாத்தான இருந்தே?"

எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி இந்த மனுஷனுக்கு.

நித்திலா உருளைப் பக்கம் இருந்தாள். அறையில் நான் மட்டும்தான். ஜாக்கெட்டுக்கு மேலே பருத்திக் கோட்டைப் போட்டால் கை மடங்கவில்லை, அதனால் கோட்டைப் போடவில்லை. வெறும் தட்டின் மேலே ஏசிக் காற்று நேராக அடித்தது, அதனால் மூடி வைத்தேன். இரண்டு மூன்று தரம் கையைத் தேய்த்துக்கொண்டேன், குளிர்ந்ததால்.

சாம்பிளில் நூற்று அறுபத்து நான்கு. வெறும் தட்டில் பூஜ்யம்.

எண்ணியதில் ஒரு தப்பும் இல்லை. நூற்று அறுபத்து நான்கு இருந்தது, நூற்று அறுபத்து நான்கு என்று எழுதினேன். பிறகு ஜாக்கெட்டைப் பைக்குள் திணித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

ரிஜிஸ்டரைப் பார்த்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நிசமாவுங்களாக்கா?"

"பின்னே, வெளையாட்டுக்கா எழுதிருக்கறேன்?"

"இல்லீங்க்கா, உங்களச் சொல்லலீங்க. வலையிலதான் எங்கியோ கிழிஞ்சிருக்கோணும்." என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஓடினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

சளி போய்விட்டது. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 22, சனி

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவள் உருளைக்குள் இருந்தாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலையை ஒவ்வொரு சாணாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்தபோது உடம்பெல்லாம் பஞ்சுச் சேறு. உள்ளங்கையில் ஸ்டீல் கம்பி கீறி இரண்டு இடத்தில் ரத்தம்.

"எங்கியும் கிழியலீங்க்கா. கிழிஞ்சிருந்தாக் கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். "காரணம் தெரியாம ஃபெயிலாகறதுதானுங்க தாங்க முடியல."

மருந்து பூசி பேண்டேஜ் ஒட்டிவிட்டேன். குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் பாதி பொய். எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தவள் அழுவதைப் பார்க்க ஒரு பக்கம் இதமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எடுக்கிற தண்ணீரில் பாதியைத் தனிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைப்பது வழக்கம். மூன்றாம் புதனின் பாட்டிலைக் கோயமுத்தூரில் இருக்கிற ஒரு வெளி லேப்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் மேனேஜர் விஜயராகவன். "ஒரு சந்தேகம் இருந்தா ரெண்டு இடத்துல பார்க்கறது நல்லது" என்கிறார்.

பாட்டிலை பேக் செய்ததே நான்தான். அரைமணி நேரம் என் கையில் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

கடைசிப் புதன். முப்பத்து மூன்று. பருத்திச் சேலை, பருத்திக் கோட், தட்டு திறந்தே இருந்தது.

மார்ச் 3, திங்கள்

கோயமுத்தூர் முடிவு வந்துவிட்டது. முப்பத்தொன்று.

மேனேஜர் அறையில் அர்த்தநாரி சார், நித்திலா, நான். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மேனேஜர்.

"ஒரே தண்ணி. அவங்க முப்பத்தொண்ணுங்கறாங்க. நீங்க நூத்தி அறுபத்தி நாலுன்னு எழுதிருக்கறீங்க சாந்தாமணி. எது சரி?"

இந்தக் கேள்விக்கென்றே மூன்று பொய்கள் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றும் மறந்துபோயிற்று.

அவள் வாயைத் திறந்தாள். "கோயமுத்தூர்க் கணக்குத்தானுங்க சார் தப்பா இருக்கோணும். பஸ்ல போன பாட்டிலு. ஆடி ஆடி இழையெல்லாம் சுவத்துல ஒட்டிருக்கும். மூணு தரம் அலசி ஊத்துனாத்தான் வரும். அது எங்கக்கா கண்டுபிடிச்ச முறைங்க. அவங்க அலசியிருக்க மாட்டாங்க."

"அம்மிணி, யோசிச்சுப் பேசு" என்றார் மேனேஜர். "கோயமுத்தூரை எடுத்துக்கிட்டா உன்ற வடி பாஸு. இவங்களை எடுத்துக்கிட்டா ஃபெயிலு. உன்ற வேலையும் போயிரும்."

"தெரியுமுங்க சார். அதுக்காக அக்கா கண்ணைத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க. எண்ணறதுல அவங்களை மிஞ்சி யாருமில்லீங்க. மூணாவது புதன் என்ற வடி எதையோ விட்டிருக்குது. எதுன்னு தெரியல. ஃபெயில்னே எழுதிக்கோங்க."

அர்த்தநாரி சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினேழு வருடத்தில் என்னை ஒரு தரம் கூட அப்படிப் பார்த்ததில்லை.

முடிவு புதன்கிழமை கமிட்டியில்.

மார்ச் 4, செவ்வாய்

சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இவர் வந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அந்தப் புள்ளை மேல எதுக்கு உனக்கு இத்தனை காந்தல்? அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

என்ன பண்ணினாளா? ஸ்டூலை எடுத்துக்கொண்டாள். படத்தை எடுத்துக்கொண்டாள். சீட்டை எடுக்கப் பார்த்தாள். அதெல்லாம் கூடப் போகட்டும். நேர்மையான பொம்பளை, எண்ணினால் தப்பாது என்ற ஒரு பேர் எனக்கு இருந்தது. இப்போது அதையும் அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு, உண்மை என்று சத்தியம் செய்து, வேலையை விட்டுவிட்டு அவள் கோபிக்குப் பஸ் ஏறிவிடுவாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எவ்வளவு பெரிய மனசு அந்தப் பெண்ணுக்கு என்று எல்லோரும் பேசுவதை ரிட்டயராகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மாட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள், இந்தப் பேரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன்.

கமிட்டியில் ஒன்பது பேர். மேனேஜர் 'ஃபெயில்' என்று வாசிக்க ஆரம்பிப்பதற்குள் எழுந்தேன். "கோயமுத்தூர்க் கணக்குத்தானுங்க சரி. அன்னிக்கு நான் ஃபிளீஸ் ஜாக்கெட் போட்டுட்டு எண்ணுனேன். என்ற துணியில இருந்து விழுந்த இழைங்க அது. வெறும் தட்டை மூடி வெச்சுட்டேன், அதுல விழுந்தாக் கண்டுபிடிச்சுருவாங்கன்னு."

"மறந்து மூடிட்டீங்களா?" மேனேஜர் எனக்கு ஒரு வழி விட்டார். நல்ல மனிதர்.

"இல்லீங்க. தெரிஞ்சேதான். இந்தப் புள்ளைக்குச் சீட்டு போகக் கூடாதுன்னு."

அர்த்தநாரி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஒன்பது பேர் முன்னால் சொல்ல எவளுக்குத் துணிச்சல் வரும்? நித்திலா அழுவாள், ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள், நானும் பெரிய மனசோடு தலையைத் தடவிக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் அப்படித்தான் நினைத்துவைத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜை மேலிருந்த ரிஜிஸ்டரை இழுத்தாள். மூன்றாம் புதன் பக்கத்தைத் திறந்தாள். அங்கே நிற்கவில்லை. நான்காம் புதன். பிறகு இரண்டாம் புதன், முதல் புதன். அதற்கும் முன்னால் ஜனவரி. அப்புறம் அவள் வருவதற்கு முன்னால் நான் எழுதிய மற்ற டெஸ்ட் பக்கங்கள், நவம்பர், அக்டோபர். ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

"அதெல்லாம் சரியாத்தான் எழுதுனேன் அம்மிணி" என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எனக்கு மெமோ. அவளுக்கு லேப் தலைவர் சீட்டு. ஏப்ரல் ஒன்றிலிருந்து.

வீட்டில் இவரிடம் சொன்னேன். அந்த ஜாக்கெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

என்னைச் சேறு உலர்த்தும் களத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். வேண்டாம் என்று தடுத்தது அவளாம். அர்த்தநாரி சார் சொன்னார். "எண்ணறதுக்கு அவங்க கண்ணு வேணுமுங்க சார்" என்றாளாம். அதைக் கேட்டுக் காலையில் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன். பார்த்தாயா, நான் இல்லாமல் நடக்காது.

எண்ணினேன். இரண்டரை மணி நேரம். முப்பத்தாறு. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவள் கதவுக்கு வெளியே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "ஆச்சுங்களா?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"ஆச்சு. முப்பத்தாறு."

"சரிங்க. இனிமே நீங்க எண்ணுனதை நான் இன்னொருக்கா எண்ணுவேனுங்க. மேனேஜர் சொல்லல. நானாத்தான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் வைத்துவிட்டு வந்த தாளை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோய், ஊசியைச் சூடாக்கி, ஆரம்பத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

போய் டீ குடித்திருக்கலாம். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. முப்பத்தாறுதான் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் கதவைத் திறந்து சொல்லும் வரைக்கும் என்னால் உட்கார முடியவில்லை.